பிராட்மனா, சச்சினா? லாயிட் அணியா, ஸ்டீவ் வா அணியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட்டில் எந்தக் காலத்து வீரர், எந்தக் காலத்து அணி சிறந்தது என்ற வாக்குவாதம் ஒருமுறை தொடங்கிவிட்டால் இலேசில் ஓயாது. அதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். டெஸ்ட் ஆட்டத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் ஆட்டம் சில இடங்களில் வரும். இருபது ஓவர் ஆட்டத்தைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அதற்கு இன்னும் வயதாகவில்லை.

வெவ்வேறு காலத்தில் ஆடியவர்களை ஒப்பிடவே முடியாது என்கிறார்களே, அப்புறம் எதற்கு இந்த வீண் வேலை?

இருவரை நேருக்கு நேர் நிறுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் ஒருவர் தம் காலத்தவரை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளினார் என்பதை அளக்கலாம். அதே பந்துவீச்சு, அதே ஆடுகளம், அதே விதிகள் எல்லோருக்கும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எடுத்தது என்ன, இவர் எடுத்தது என்ன? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

பாதிச் சண்டைகளுக்குக் காரணம் வேறு. ஒருவர் உச்சத்தில் இருந்த ஐந்து வருடங்களைப் பற்றிப் பேசுவார், எதிரே இருப்பவர் இருபது வருட உழைப்பைப் பற்றிப் பேசுவார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும், விடைதான் கிடைக்காது.

சராசரியைப் பார்த்தால் போதாதா? அதற்குத்தானே அது இருக்கிறது?

சராசரி என்பது எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் 52 டெஸ்டுகளில் 80 இன்னிங்ஸ் ஆடி 6,996 ரன்கள் எடுத்தார். பத்து முறை ஆட்டமிழக்கவில்லை. ஆகவே 6,996ஐ எழுபதால் வகுக்க வேண்டும், 99.94 வருகிறது. 1948இல் ஓவல் மைதானத்தில் தம் கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100. இங்கிலாந்தின் ஹாலிஸ் அவரைப் பூஜ்யத்தில் போல்டாக்கினார்.

ஆனால் சராசரிப் பட்டியலை அப்படியே நம்பினால் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி காண்டோம் பிராட்மனுக்கும் மேலே வந்துவிடுவார். 1948இல் ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், 112 ரன்கள். குறைந்தது இருபது இன்னிங்ஸ் என்று வரம்பு வைத்தாலும் ஆபத்து விலகாது. ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் 20 டெஸ்டுகளில் 61.87 சராசரி வைத்திருக்கிறார், தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக்கின் 60.97ஐவிட அதிகம். உள்ளே போய்ப் பார்த்தால், அன்றைய பலவீனமான மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மட்டும் ஒரே ஒரு முறை ஆட்டமிழந்து 542 ரன்கள் குவித்திருக்கிறார். அதைக் கழித்தால் மீதி 943 ரன்கள், 23 முறை ஆட்டமிழப்பு, சராசரி 41. வோஜஸ் நல்ல ஆட்டக்காரர்தான். பொல்லாக்குக்கு மேலே அவர் பெயரை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

பிராட்மன் ஆடியது இரண்டே நாடுகளில். இன்றைய பந்துவீச்சில் அவர் நாற்பதைத் தாண்டுவாரா?

ஆஸ்திரேலியா, இங்கிலாந்து தவிர வேறெங்கும் அவர் டெஸ்ட் ஆடவில்லை. 52இல் 37 டெஸ்டுகள் இங்கிலாந்துக்கு எதிராக. இது நியாயமான குறைதான். ஆனால் அந்த இங்கிலாந்துதான் அன்று வலுவான எதிரணி, அதற்கு எதிராக அவர் சராசரி 89.78. பலவீனமான அணிகளை அடித்துச் சேர்த்த கணக்கு இல்லை இது.

முதல் பதிலில் சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். அதே காலத்தில் ஆடிய இங்கிலாந்தின் ஹாமண்ட் 58.45, சட்கிளிஃப் 60.73, மேற்கிந்தியத் தீவுகளின் ஹெட்லி 60.83. இவர்களெல்லாம் தம் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள். அந்தக் காலம் ரன் எடுக்க அவ்வளவு சுலபமானது என்றால் இவர்களும் எண்பது, தொண்ணூறு என்று போயிருக்க வேண்டுமே? அவரை அடக்குவதற்கென்றே 1932-33இல் இங்கிலாந்து உடலைக் குறிவைத்து வீசும் ‘பாடிலைன்’ உத்தியைக் கொண்டுவந்தது. லார்வுட்டின் வேகம், லெக் திசையில் நெருக்கி நின்ற ஃபீல்டர்கள், தலையில் வெறும் துணித் தொப்பி. அந்தத் தொடரில் பிராட்மனின் சராசரி 56.57. அவருக்கு அது தோல்வி, மற்றவர்களுக்கு அது வாழ்நாள் கனவு.

மழையில் நனைந்து காய்ந்த ஆடுகளத்தில் அவரைவிட இங்கிலாந்தின் ஹாப்ஸும் சட்கிளிஃபும் நன்றாக ஆடினார்கள் என்ற விமர்சனத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். 1937 ஜனவரியில் மெல்போர்னில் அப்படி ஓர் ஆடுகளம் அமைந்தபோது, கேப்டனாக இருந்த பிராட்மன் கடைசி ஆட்டக்காரர்களை முன்னால் அனுப்பிவிட்டு, ஆடுகளம் காய்ந்தபின் ஏழாவதாக இறங்கி 270 எடுத்தார். கெட்டிக்காரத்தனம்தான். அந்த ஈரத்தில் ஆட அவருக்கே விருப்பமில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

பழைய பந்துவீச்சாளர்களுக்குச் சராசரி பத்து, பதினாறு என்று இருக்கிறதே. அவர்களெல்லாம் மார்ஷலைவிடப் பெரியவர்களா?

பந்துவீச்சில் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்கள், குறையக் குறைய நல்லது. இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 18 டெஸ்டுகளில் 112 விக்கெட், சராசரி 10.75. அதே நாட்டின் சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்டுகளில் 189 விக்கெட், சராசரி 16.43. மேற்கிந்தியத் தீவுகளின் மால்கம் மார்ஷல் 81 டெஸ்டுகளில் 376, சராசரி 20.94. மேலோட்டமாகப் பார்த்தால் லோமன்தான் முதல்வர். ஆனால் அன்றைய ஆடுகளங்களுக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் மேல்பரப்பு மட்டும் காயும், பந்து ஒன்று முழங்காலுக்கும் மற்றொன்று மூக்குக்கும் எழும்.

அது எவ்வளவு கொடுமை என்பதை 1950 டிசம்பரில் நடந்த பிரிஸ்பேன் டெஸ்டில் காணலாம். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 228. பிறகு பெருமழை. ஆட்டம் தொடர்ந்ததும் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 68இல் டிக்ளேர் செய்தது, அதாவது இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டது, எதிரணியை அதே சேற்றில் இறக்குவதற்காக. ஆஸ்திரேலியாவும் சளைக்கவில்லை, 7 விக்கெட்டுக்கு 32இல் டிக்ளேர். ஆட்டம் முடிவதற்குள் இங்கிலாந்து மீண்டும் 30 ரன்னுக்கு 6 விக்கெட். ஒரே நாளில் 130 ரன்கள், 20 விக்கெட்டுகள். இப்படிப்பட்ட நாட்கள் கலந்த காலத்துச் சராசரியை, மூடிப் பாதுகாத்த ஆடுகளத்துச் சராசரியோடு அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, எதிரணி. லோமன் 1895-96இல் தென்னாப்பிரிக்காவில் மூன்று டெஸ்டுகளில் 35 விக்கெட்டுகளை 5.80 சராசரியில் எடுத்தார். அன்று அந்த அணி கத்துக்குட்டி. பார்ன்ஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கம் குறைவு. அவர் அதிகமும் வீசியது ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, அதிலும் அவர் தனித்து நின்றார். பும்ரா 2024இல் 200 டெஸ்ட் விக்கெட்டுகளைத் தொட்டபோது, இருபதுக்குக் கீழான சராசரியோடு அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் ஆள் அவர்தான். இந்தக் காலத்தில் அந்தச் சராசரிக்கு, லோமனின் பத்தைவிட மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் காலத்தின் சராசரியால் வகுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு. உதாரணத்துக்கு, ஒருவர் சராசரி 50, அவர் காலத்தின் பொதுச் சராசரி 32 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.56. இன்னொருவர் சராசரி 45தான், ஆனால் அவர் காலத்தில் எல்லோரும் 25ஐத் தொடவே திணறினார்கள். விகிதம் 1.8. இரண்டாமவரே மேல். 2000களில் தட்டையான ஆடுகளங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களின் கூட்டம் இந்தக் கணக்கில் கொஞ்சம் கலையும். இந்த முறையின் ஓட்டையைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

விதிகள் மாறியதெல்லாம் மட்டையாளருக்குத்தான் சாதகம், இல்லையா?

இல்லை. 1930களின் நடுப்பகுதி வரை பந்து ஸ்டம்புகளுக்கு நேரே தரையில் பட்டால்தான் எல்பிடபிள்யூ, அதாவது காலில் பட்டு ஆட்டமிழப்பது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வரும் பந்தைக் காலால் தடுத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். 1937இல் விதி மாறியது. ஹாப்ஸ் காலத்துச் சராசரிகளைப் பார்க்கும்போது இதை மறந்துவிடுகிறோம். அண்மையில் வந்த நடுவர் தீர்ப்பு மறுபரிசீலனை முறையும் சுழற்பந்து வீச்சாளருக்கே அதிகம் கொடுத்திருக்கிறது. முன்காலை நீட்டி ஆடுபவருக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்த காலம் போய்விட்டது.

மறுபுறம், 1960கள் வரை நோபால் பின்காலை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. உயரமான வேகப்பந்து வீச்சாளர் காலை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி, மட்டையாளருக்கு வெகு அருகிலிருந்து பந்தை விடுவார். தலை உயரத்துக்கு எழும் பவுன்சருக்கு 1991இல்தான் உண்மையான கட்டுப்பாடு வந்தது: ஓவருக்கு ஒரு மட்டையாளருக்கு ஒன்று. 1994இல் அது ஓவருக்கு இரண்டாக மாறியது. 1980களின் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

ஹெல்மெட் இல்லாமல் ஆடியவர்கள்தானே உண்மையான வீரர்கள்?

மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை ஹெல்மெட் போடவில்லை. துணிச்சல், சந்தேகமில்லை. ஆனால் துணிச்சல் வேறு, ஆட்டத்திறன் வேறு. 1978இல் கிரஹாம் யாலப் டெஸ்டில் முதன்முதலாக ஹெல்மெட் அணிந்து இறங்கினார், அதற்குப் பிறகு வந்தவர்கள் கோழைகள் ஆகிவிடவில்லை. அடிபட்டுவிடுவோம் என்ற பயம் குறைந்ததால் முன்காலில் வந்து ஹுக் அடிப்பவர்கள் பெருகினார்கள் என்பது வேண்டுமானால் சரி.

கவாஸ்கர் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்துக்கு எதிராக 13 சதம் அடித்தவர். அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பதின்மூன்றையும் பிரித்துப் பாருங்கள். நான்கு சதங்கள் 1971இல். அந்தத் தொடரில் அவர் 774 ரன்கள் எடுத்தது மகத்தான அறிமுகம், ஆனால் வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் அப்போது அணிக்கே வரவில்லை. இரண்டு சதங்கள் 1976இல், இரண்டும் சுழலுக்கு உதவும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். நான்கு சதங்கள் 1978-79இல், கெர்ரி பாக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்காக முன்னணி வீரர்கள் விலகியிருந்தபோது. ஆகப் பத்து சதங்கள் புகழ்பெற்ற நான்கு வேகப்பந்து வீச்சாளர் கூட்டணிக்கு எதிராக அடித்தவை அல்ல.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்பட வேண்டியதில்லை, மீதி மூன்றுமே போதும். 1983இல் ஜார்ஜ்டவுனில் ஆட்டமிழக்காமல் 147, அதே ஆண்டு டெல்லியில் 121, டிசம்பரில் சென்னையில் ஆட்டமிழக்காமல் 236. சென்னையில் தொடக்க இடத்தை விட்டு நான்காவதாக இறங்க விரும்பினார். மார்ஷல் விட்டால்தானே? ரன் கணக்கு தொடங்குமுன்பே இரண்டு விக்கெட்டுகள் விழுந்து, அவர் உள்ளே வந்துவிட்டார். முப்பத்து நான்கு வயதில், மார்ஷல், ஹோல்டிங், ராபர்ட்ஸ் வீச, 236. பதின்மூன்று என்ற எண்ணைவிட அந்த ஒன்றே எனக்குப் பெரிது.

முரளியா, வார்னா?

இலங்கையின் முரளி 133 டெஸ்டுகளில் 800 விக்கெட், சராசரி 22.72. ஆஸ்திரேலியாவின் வார்ன் 145 டெஸ்டுகளில் 708, சராசரி 25.41. உடனே வரும் ஆட்சேபம், முரளி ஜிம்பாப்வேயையும் வங்கதேசத்தையும் 25 டெஸ்டுகளில் சந்தித்து 176 விக்கெட் எடுத்தார் என்பது. வார்ன் அவர்களிடம் எடுத்தது 17 மட்டுமே. சரி, இரண்டையும் கழிப்போம். முரளி 108 டெஸ்டுகளில் 624, வார்ன் 142இல் 691. அப்போதும் ஒரு டெஸ்டுக்கு முரளி ஏறத்தாழ 5.8 விக்கெட், வார்ன் 4.9. சுழலை நன்றாக ஆடும் இந்தியாவுக்கு எதிராக முரளி 105 விக்கெட், சராசரி 32.61, வார்ன் 43 விக்கெட், சராசரி 47.18. போதாக்குறைக்கு, வார்ன் தம் காலத்தின் மிக வலுவான மட்டை வரிசைக்கு, அதாவது ஆஸ்திரேலியாவுக்கு, வீச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வார்ன் பக்கமும் நியாயம் உண்டு. வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் மறுமுனையில் இருந்ததால் விக்கெட்டுகள் பங்கு போயின. சுழலுக்கு உதவாத சொந்த மண்ணில் வீசினார். முரளிக்குச் சொந்த மண் உதவியது. என் தீர்ப்பு இப்படி: ஓர் அணியை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்க வேண்டுமென்றால் முரளி. நான்கு நல்ல பந்துவீச்சாளர்கள் ஏற்கெனவே இருக்கும் அணியில் ஐந்தாவது நாள் கதவைச் சாத்த வேண்டுமென்றால் வார்ன்.

காலிஸ் புள்ளிவிவரம் சோபர்ஸைவிட நன்றாக இருக்கிறதே. ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை?

தென்னாப்பிரிக்காவின் காலிஸ் 13,289 ரன்கள், சராசரி 55.37, விக்கெட் 292, சராசரி 32.65. மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் 8,032 ரன்கள், சராசரி 57.78, விக்கெட் 235, சராசரி 34.03. காலிஸ் 166 டெஸ்ட் ஆடினார், சோபர்ஸ் 93. காலிஸைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் சோபர்ஸ் புதுப் பந்தில் வேகமாக வீசுவார், பந்து பழசானால் இடக்கைச் சுழல், தேவைப்பட்டால் மணிக்கட்டுச் சுழல். கேப்டனுக்கு ஒரே ஆளில் மூன்று பேர். பந்துவீச்சு மட்டுமே அளவுகோல் என்றால் இருவருமே பாகிஸ்தானின் இம்ரான் கானுக்குப் பின்னால்தான்: 362 விக்கெட், சராசரி 22.81, கூடவே 37.69 மட்டைச் சராசரி.

ஒருநாள் ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸின் ஸ்டிரைக் ரேட் (நூறு பந்துக்கு எடுக்கும் ரன்) 90தான். இன்று நூறுக்குமேல் அடிப்பவர்கள் பலர். அவர் எப்படிச் சிறந்தவர்?

1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 எடுத்தார். அது விதிவிலக்கான விந்தைதான், ஆனால் அந்த ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சாட்சி. அத்தகைய காலத்தில் ரிச்சர்ட்ஸ் சராசரி 47, ஸ்டிரைக் ரேட் 90.20. 1984இல் ஓல்ட் டிராஃபோர்டில் அணியின் 272 ரன்களில் அவர் மட்டும் ஆட்டமிழக்காமல் 189. கடைசி விக்கெட்டுக்கு ஹோல்டிங்கோடு 106 ரன்கள் சேர்த்தார், அதில் ஹோல்டிங்கின் பங்கு 12.

2011 அக்டோபருக்குப் பிறகு இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து வந்தது. பந்து பழசாகி எதிர்த்திசையில் வளைவது, அதாவது ரிவர்ஸ் ஸ்விங் ஆவது அருகிப்போனது. மட்டைகள் தடித்தன, எல்லைக் கோடுகள் உள்ளே வந்தன. முதல் பதிலின் அளவுகோல் ரிச்சர்ட்ஸுக்குப் பொருந்துவதுபோல ஒருநாள் ஆட்டத்தில் வேறு யாருக்கும் பொருந்துவதில்லை. நிலைத்தன்மைக்குக் கோலி, சந்தேகமில்லை. 2023இல் ஐம்பதாவது சதம் அடித்தவரை யார் மறுக்க முடியும்?

அணி என்று எடுத்தால்? 1980களின் மேற்கிந்தியத் தீவுகளா, 2000களின் ஆஸ்திரேலியாவா?

ஆஸ்திரேலியா வென்றது அதிகம், மேற்கிந்தியத் தீவுகள் தோற்றது குறைவு. 1980இல் நியூசிலாந்தில் தொடரை இழந்த மேற்கிந்தியத் தீவுகள், அடுத்துத் தொடரை இழந்தது 1995இல். இடைப்பட்ட காலத்தில் டிரா ஆன தொடர்கள் உண்டு, இழந்தது ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியா இரண்டு தடவை தொடர்ச்சியாக 16 டெஸ்டுகளை வென்றது. ஆனால் 2001இல் இந்தியாவிலும் 2005இல் இங்கிலாந்திலும் தொடரைக் கோட்டைவிட்டது. முதல் வெற்றி வரிசையை நிறுத்தியது கொல்கத்தா: ஃபாலோ ஆன் ஆடிய இந்தியா, லக்ஷ்மணின் 281, டிராவிட்டின் 180, ஹர்பஜன்.

நேருக்கு நேர் மோதினால் என்று கேட்பவர்களுக்கு: எந்த மைதானம், யாருடைய விதி? மேற்கிந்தியத் தீவுகளின் பலவீனம் சுழல். 1988 ஜனவரியில் சென்னையில் அறிமுக ஆட்டத்திலேயே இந்தியாவின் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தார். மறு ஆண்டு சிட்னியில், பகுதிநேரமாகப் பந்து போடும் ஆலன் பார்டர் 11 விக்கெட் எடுத்தார். பார்டருக்கே பதினொன்று என்றால் அதே சிட்னியில் வார்ன் என்ன செய்திருப்பார்? ஆனால் பிரிட்ஜ்டவுனில், பவுன்சர் கட்டுப்பாடு இல்லாத விதியில், ஆஸ்திரேலியா மூன்று நாளில் வீடு திரும்பும். அந்த மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 1935க்குப் பிறகு 1994 வரை தோற்கவே இல்லை. டெஸ்டுக்கு லாயிட், ரிச்சர்ட்ஸ் தலைமையிலான அணிகளையும், மூன்று உலகக் கோப்பைகளை அடுத்தடுத்து வென்றதற்காக ஒருநாள் ஆட்டத்துக்கு ஆஸ்திரேலியாவையும் தேர்ந்தெடுப்பேன்.

1948 ஆஸ்திரேலியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லையே?

இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 34 ஆட்டங்கள், 25 வெற்றி, 9 டிரா. லீட்ஸில் கடைசி நாளில் 404 ரன்களைத் துரத்தி எடுத்தது இன்றும் வியப்பு. ஆனால் எதிரே நின்றது போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த இங்கிலாந்து. அந்தப் பருவத்தில் 55 ஓவருக்கு ஒரு புதுப் பந்து என்று விதி வேறு. வேகப்பந்து வீச்சாளர்கள் லிண்ட்வால், மில்லர் கையில் 55 ஓவருக்கொரு புதுப் பந்தைக் கொடுத்தால் யார்தான் தாங்குவார்கள்?

இந்தியாவை ஏன் இந்த வரிசையில் சேர்க்கவில்லை?

2013 முதல் 2024 வரை சொந்த மண்ணில் அடுத்தடுத்து 18 தொடர்கள், உலக சாதனை. ஆஸ்திரேலியாவில் இரண்டு முறை தொடர் வெற்றி. ஆனால் அந்தக் காலம் முழுக்கத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தொடர்கூட வெல்லவில்லை. வெளிநாட்டில் எல்லா இடத்திலும் வென்றாக வேண்டும் என்ற நிபந்தனையை நான் தளர்த்துவதாக இல்லை.

நிறவெறிக் கொள்கையால் தடை வராமல் இருந்திருந்தால் 1970 தென்னாப்பிரிக்காதான் எல்லாரையும் மிஞ்சியிருக்கும் என்கிறார்களே?

ஆஸ்திரேலியாவை 4-0 என்று வென்றது அந்த அணி. பாரி ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டில் 508 ரன்கள், புராக்டர் ஏழு டெஸ்டில் 41 விக்கெட், சராசரி 15.02. இழப்புதான். ஆனால் அந்த அணி இந்தியாவோடோ பாகிஸ்தானோடோ மேற்கிந்தியத் தீவுகளோடோ ஆடியதே இல்லை. சொந்த நாட்டு மக்களில் பெரும்பான்மையினரைத் தேர்வுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளையர் அல்லாததால் டி'ஒலிவெரா இங்கிலாந்துக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. ‘இருந்திருந்தால்’ கணக்கை அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்?

இந்தப் பட்டியல்களில் மகளிர் ஏன் வருவதே இல்லை?

பட்டியல் போடுபவர்களின் மறதி. ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன், 1958இல். ஆண்களில் அதைச் செய்த முதல்வர் போத்தம், 1980இல். ஒருநாள் ஆட்டத்தின் முதல் இரட்டைச் சதம் சச்சினுடையது என்று இன்னும் எழுதுகிறார்கள். 1997இல் பெலிண்டா கிளார்க் 229 எடுத்துவிட்டார். சச்சினுடையது 2010.

ஐசிசி தரவரிசையில் பிராட்மன் 961, ஸ்டீவ் ஸ்மித் 947. அப்படியென்றால் இருவருக்கும் அவ்வளவுதான் இடைவெளியா?

அந்தப் புள்ளிகள் ஒருவர் உச்சத்தில் இருந்த கணத்தைக் காட்டுபவை. ஆயிரத்துக்குள் அடங்கும்படி சூத்திரம் அமைந்திருக்கிறது. மேலே போகப் போகப் படிகள் நெருங்கும். 14 புள்ளி என்பதை 14 ரன் என்று வாசிக்கக் கூடாது.

காலத்தின் சராசரியால் வகுக்கும் முறையில் உண்டு என்று முன்பு சொன்ன ஓட்டை இங்கேதான் வருகிறது. ஓர் ஆட்டம் முதிர முதிர, சராசரி வீரரின் தரம் உயர்கிறது. பயிற்சி, உடற்தகுதி, காணொளி அலசல் எல்லாம் எல்லோருக்கும் கிடைக்கின்றன. சிறந்தவருக்கும் மற்றவருக்குமான தூரம் தானாகவே சுருங்குகிறது. ஆகவே பழைய காலத்தவர் தம் காலத்தவரை அதிகத் தூரம் முந்தியிருப்பதில் ஒரு பங்கு, மற்றவர்கள் பலவீனமாக இருந்ததால் வந்தது. லோமன் இந்தக் கேள்வியில் அடிபட்டுப் போவார். பிராட்மனும் கொஞ்சம் குறைவார். ஆனால் அவருக்கு முன்பும் ஆட்டம் முதிராமல்தான் இருந்தது, அப்போதும் எவரும் எழுபதைக்கூடத் தொட்டு நிலைக்கவில்லையே.

கடைசியாக, உங்கள் பதினொருவர் யார்?

ஹாப்ஸ், கவாஸ்கர், பிராட்மன், சச்சின், ரிச்சர்ட்ஸ், சோபர்ஸ், கில்கிறிஸ்ட், இம்ரான், மார்ஷல், வார்ன், பார்ன்ஸ். கேப்டன் இம்ரான். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் ஹட்டன் ஏன் இல்லை என்று கேட்பவர்களிடம் எனக்கு நல்ல பதில் இல்லை. சென்னையின் அந்த 236தான் தராசைச் சாய்த்தது. முரளி பன்னிரண்டாவது ஆள். சோபர்ஸும் வார்னும் இருக்கும் அணியில் மூன்றாவது சுழலுக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஆட்டம் கொழும்பில் என்றால் பார்ன்ஸ் உட்காருவார், முரளி உள்ளே வருவார்.